கானாங்கெளுத்தியின் குடல்

"ஒரு கையெழுத்துதானே மேடம். அதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கீங்க?"

பூவலிங்கம் இப்படிக் கேட்டபோது குரலில் மரியாதை இருந்தது. முகத்தில் அவ்வளவு இல்லை.

ஜெசிந்தா மிராண்டா தலை நிமிரவில்லை. ஒரு சூரை மீனின் வால் அடியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிற மீன் ஆராய்ச்சி நிலையம் அது. கானாங்கெளுத்தி, வஞ்சிரம், சூரை என்று அந்தக் குடும்பத்து மீன் எதை நீட்டினாலும் ஜெசிந்தா தொட்டுப் பார்த்தே இனம் சொல்லிவிடுவார். அவரிடம் கற்றுக்கொள்ளப் பல ஊர்களிலிருந்தும் ஆள் வரும். பூவலிங்கமும் அப்படி வந்தவர்தான். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். ஐம்பதைத் தாண்டியும் டாக்டர் பட்டம் வாங்கவில்லை. அவரிடம் படித்த பையன் ஒருவன் அதே கல்லூரியில் துறைத்தலைவர் ஆனதும், விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார்.

குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. அதனால் குரு சீடரை "சார்" என்றார். சீடர் குருவை "மேடம்" என்றார். உலகத்தில் இப்படியும் ஒரு குருகுலம்.

"மாசக்கணக்கா அளந்திருக்கேன் மேடம். இந்த மீன் எந்த இனத்துக்குள்ளயும் அடங்க மாட்டேங்குது."

"மீனா அடங்க மாட்டேங்குது?"

பூவலிங்கம் சிரித்துவைத்தார். மேலதிகாரி ஜோக் சொன்னால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

"முதல்லேருந்து சொல்லுங்க சார்" என்றார் ஜெசிந்தா.

பூவலிங்கம் தட்டிலிருந்து ஒரு மீனை எடுத்தார். வகுப்பில் நிற்கிற தோரணை தானாக வந்துவிட்டது.

"முதுகுத் துடுப்புக்குப் பின்னால வால் வரைக்கும் தனித்தனியா குட்டித் துடுப்பு இருக்கு. அடிப்பக்கமும் அதே மாதிரி. அதனால இந்தக் குடும்பம்."

"சரி."

"வால் அடியில பக்கத்துக்கு ரெண்டு சின்ன வரம்பு, மேடு தட்டின கோடு மாதிரி. ரெண்டுக்கும் நடுவுல பெரிய வரம்பு கிடையாது. அதனால வஞ்சிரமும் இல்ல, சூரையும் இல்ல. கானாங்கெளுத்திக் கூட்டம்."

"சரி."

"மேல் அண்ணத்துல பல்லு இல்ல. அதனால நம்ம கடல் கானாங்கெளுத்தி. அதுல மூணு இனம். வாயத் திறந்தா செவுள் முள்ளு இறகு மாதிரி நீளமாத் தெரியுது. அதனால ஒல்லி இனம் இல்ல. மிச்சம் ரெண்டு."

"சரி."

"ஒண்ணு, சந்தையில விக்கிற சாதாரணக் கானாங்கெளுத்தி. அதுக்குக் குடல் உடம்பு நீளத்துல ஒன்றரை மடங்கு இருக்கும். மிஞ்சிப்போனா இன்னும் கொஞ்சம். இன்னொண்ணு குட்டை இனம். அதுக்கு மூணு மடங்குக்கு மேல."

பூவலிங்கம் மூச்சு வாங்கிக்கொண்டார். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு படபடக்கும்.

"என் மீனுக்கு ரெண்டே கால் மடங்கு. அதுலயும் சேராது, இதுலயும் சேராது. இது நாலாவது மேடம். உலகத்துக்கே புதுசு."

ஜெசிந்தா "சரி" என்று சொல்லவில்லை.

"பேரு கூட உங்க பேருதான் வச்சிருக்கேன்" என்றார் பூவலிங்கம்.

பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்தவர்கள் உண்டு. பூவலிங்கம் பேர் வைத்து, சீட்டில் எழுதி, ஸ்பிரிட் ஊற்றிய ஜாடிக்குள் மீனோடு போட்டு, காட்சி அலமாரியிலும் வைத்துவிட்டார். புது இனம் என்றால் அதற்கு ஒரு மாதிரி மீன் வேண்டும். அந்த மீன்தான் அது.

"அதே வலையில வந்த மீனை ராபியாவும் அளந்தா" என்றார் ஜெசிந்தா. "அவளுக்கு ஒன்றரைதானே வந்துது."

"அந்தப் புள்ளைக்குக் கை பழகல மேடம். அதத்தான் அன்னைக்கே சொன்னேனே."

சொன்னார்தான். அதைச் சொன்ன விதத்தையும் சொல்லிவிட வேண்டும்.

ராபியா இதே நிலையத்தில் பட்டத்துக்குப் படிக்கிற பெண். காயல்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள். ஒரே வலை மீனை இரண்டு பங்காக்கி இவருக்குப் பாதி, அவளுக்குப் பாதி என்று ஜெசிந்தா கொடுத்திருந்தார். இரண்டு பேருடைய அளவும் ஒத்துவராதபோது எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினார்கள்.

கூட்டத்தில் பூவலிங்கம் எழுந்து நின்றார். "குடல விரிக்கத் தெரியணும். பயந்து பயந்து தொட்டா அது சுருண்டுக்கிட்டுத்தான் கிடக்கும். புள்ள வீட்டுல மீன் கழுவின பழக்கத்துல இங்கயும் வந்து கழுவுது" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நூல் பிடித்த மாதிரிப் பேசுகிற மனிதர், அதுவும் இத்தனை வருஷம் ஆசிரியராக இருந்தவர். யாருக்குச் சந்தேகம் வரும்? ஜெசிந்தாவுக்கே வரவில்லை.

ராபியா எதிர்த்துப் பேசவில்லை. மறுநாளிலிருந்து அவளுடைய மேஜையும் பூவலிங்கத்துக்கு வந்தது. அவள் பின்கட்டு ஸ்டோர் ரூமில் ஜாடிகளுக்கு ஸ்பிரிட் மாற்றுகிற வேலைக்குப் போனாள். கை பழகும்வரை என்று சொல்லி அனுப்பினார்கள். பழகிவிட்டதா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இதற்குள் செய்தி கோவில்பட்டிக்குப் போய்விட்டது. போய்விட்டது என்ன, பூவலிங்கம்தான் போனில் சொன்னார். கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். "புதிய மீன் இனம் கண்ட பேராசான்" என்று போட்டு, கூப்பிய கையோடு இவர் படம், பக்கத்தில் இவரைவிடப் பெரிதாக ஒரு மீன். ஃபிளெக்ஸ் கடைக்காரன் எங்கேயோ தேடி ஒரு வஞ்சிரத்தின் படத்தைப் போட்டிருந்தான். வால் அடியின் நடு வரம்பு பளிச்சென்று தெரிந்தது. விழாவுக்குப் போன பூவலிங்கம் அதைப் பார்த்தார். மாலை போட்டவர்களிடம் எதுவும் சொல்லவில்லை.

இப்போது பாக்கி ஒரே ஒரு கையெழுத்து. கட்டுரையில் ஜெசிந்தா கையெழுத்துப் போட்டால் அது பத்திரிகைக்குப் போகும். போடாவிட்டால் பட்டம் இல்லை. ஃபிளெக்ஸைக் கழற்ற வேண்டும். அந்தப் பழைய மாணவத் துறைத்தலைவன் முன்னால் போய் மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

"ஒரு மீனை என் முன்னால அளந்து காட்டுங்க" என்றார் ஜெசிந்தா.

"தாராளமா."

கத்தரிக்கோலால் வயிற்றைத் திறந்தார். சுருள் சுருளாகக் கிடந்த குடலை வயிற்றை விட்டு வெட்டி எடுத்தார். கண்ணாடிப் பலகையில் தண்ணீர் தெளித்துக் குடலை வைத்தார். எல்லாம் சுத்தமாகத்தான் செய்தார். கை பழகிய மனிதர்.

மீனின் நீளத்தை ஏற்கெனவே பார்த்துவைத்திருந்தார். குடலின் ஒரு முனையை ஊசியால் குத்தி நிறுத்திவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அளவுகோலைத் தேடினார்.

ஜெசிந்தா அளவுகோலை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். எண் எதுவும் தெரியாத வெறும் முதுகு.

"எண்ணை அப்புறம் பாக்கலாம் சார். நீங்க குடலை விரிங்க. விரிச்சு முடிச்சதும் அந்த இடத்துல ஊசியக் குத்துங்க."

"இது என்ன மேடம், கண்ணக் கட்டி விளையாட்டு மாதிரி?"

"விரிங்க."

பூவலிங்கம் விரிக்க ஆரம்பித்தார். குடல் மெல்ல நேரானது. நேரான பிறகும் கை நிற்கவில்லை. ஈரக் குடல், இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் இழுத்தார். நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். அளவுகோலைப் பார்த்தார், அதில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் தளர விட்டார். மறுபடி இழுத்தார்.



"எதுவரைக்கும் இழுக்கணும் மேடம்?"

கேட்டுவிட்டார்.

 

வாயிலிருந்து வந்த கேள்வி பூவலிங்கத்தின் காதுக்குத் திரும்பி வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்ததும் ஊசி கையிலிருந்து நழுவியது. குடல் தானாகவே சுருங்கிப் பலகையில் தளர்ந்து கிடந்தது.

பொய் சொல்ல வேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அது சத்தியம். முதல் மீன் கொஞ்சம் நைந்துபோன மீன், தொட்டதுமே குடல் நீண்டு கொடுத்தது. ரெண்டே கால் என்று எண் வந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அடுத்த மீனில் ரெண்டே கால் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. மீன் நீளத்தைப் பார்த்த உடனே மனசு கணக்குப் போட்டுவிடும். குடல் அந்த எண்ணைத் தொடும்வரை கை இழுக்கும், தொட்டதும் நிற்கும். இதை அவர் துல்லியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். இப்போது ஆசை போன பிறகு வெட்கம் மொத்தமாக வந்து இறங்கியது. உள்ளங்கால் வரைக்கும் சுட்டது. ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து சாயங்காலம் உங்க மீன்ல ஒண்ணை நானே அளந்தேன்" என்றார் ஜெசிந்தா. "இழுக்காம."

எவ்வளவு வந்தது என்று பூவலிங்கம் கேட்கவில்லை.

ஜெசிந்தா எழுந்தார். "இருங்க சார். எனக்கு ஒரு வேலை இருக்கு. அத முடிச்சிட்டு வாரேன்."

அவர் பின்கட்டுப் பக்கமாகப் போனார்.

பூவலிங்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். திருடன் மாதிரி இருந்தது. என்ன திருடன் மாதிரி, திருடனேதான் என்று நினைத்துக்கொண்டார். கட்டுரையைக் கிழித்துவிடலாம். ஃபிளெக்ஸை யாரிடமாவது சொல்லிக் கழற்றிவிடலாம். ஆனால் அந்த ஜாடி?

எழுந்து காட்சி அலமாரிக்குப் போனார். ஜாடிக்குள் மீன் வாயைத் திறந்தபடி நின்றது. பக்கத்தில் அவர் கையெழுத்தில் சீட்டு. புதிய இனத்தின் பேர். கீழே, இனம் தீர்மானித்தவர்: அ. பூவலிங்கம்.

மூடியைத் திருகினார். இடுக்கியை உள்ளே விட்டுச் சீட்டைப் பிடித்துவிட்டார்.

"அத எடுக்கக் கூடாது சார்."

ஜெசிந்தா வந்து நின்றார். கண் கொஞ்சம் சிவந்திருந்தது.

"தப்பான சீட்டு மேடம்."

"தெரியும். ஆனா உள்ள போட்ட சீட்டை வெளிய எடுக்கிற வழக்கம் இங்க இல்ல. எந்த மியூசியத்துலயும் இல்ல. தப்புன்னா பக்கத்துல இன்னொரு சீட்டு எழுதிப் போடணும். ரெண்டும் கிடக்கும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"ஜாடி இருக்கிற வரைக்கும்."

"நூறு வருஷம் கழிச்சு எவனாவது எடுத்துப் பார்த்துச் சிரிப்பானே மேடம்."

"சிரிப்பாங்க."

பூவலிங்கம் இடுக்கியை விட்டார். சீட்டு ஆடி ஆடி மீனின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. நாண்டுகிட்டுச் சாகலாம் போல இருந்தது அவருக்கு.

"நான் என்ன செய்யணும் மேடம்? ஊருக்குப் போயிரவா?"

ஜெசிந்தா ஒரு வெற்றுச் சீட்டையும் பென்சிலையும் நீட்டினார்.

"சரியான பேர எழுதுங்க."

பூவலிங்கம் அலமாரியிலேயே சீட்டை வைத்து எழுதினார். சாதாரணக் கானாங்கெளுத்தியின் பேரை எழுதினார். அதைப் பிடித்த இடத்தை எழுதினார். தீர்மானித்தவர் என்ற இடத்தில் அ. பூவலிங்கம் என்று எழுதினார். எழுதியதும் மூச்சு கொஞ்சம் இலேசானது. தப்பு செய்தவனே திருத்தியும் விட்டான் என்று வரப்போகிறவன் நினைக்கட்டும்.

சீட்டை ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

ஜெசிந்தா படித்தார். நாலாக மடித்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு வெற்றுச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"எதுல மேடம் தப்பு?"

"இந்த மீன நீங்களா சார் தீர்மானிச்சீங்க?"

பூவலிங்கம் சீட்டை வாங்கிக்கொண்டார்.

ஒரே வலை. பாதிப் பங்கு. இவர் ரெண்டே கால் என்று குதித்துக்கொண்டிருந்தபோதே ஒருத்தி ஒன்றரை என்று அளந்து, இது சாதாரணக் கானாங்கெளுத்திதான் என்று சொல்லிவிட்டாள். இவர்தான் அவளை மீன் கழுவுகிறவள் என்றார்.

பென்சிலை எடுத்தார். பேரை எழுதினார், இடத்தை எழுதினார். தீர்மானித்தவர் என்று எழுதினார். அதற்கு மேல் பென்சில் நகரவில்லை.

"ராபியாவுக்கு இனிஷியல் என்ன மேடம்?"

"எனக்குத் தெரியும்" என்றார் ஜெசிந்தா. "நீங்க போய்க் கேளுங்க. நான் இப்பத்தான் அங்க போயிட்டு வாரேன். ஒங்க பேச்சக் கேட்டு அவள அனுப்பினது நான்தானே. என் பங்க நான் சொல்லிட்டேன். அவ எனக்கு இன்னும் ஒரு பதிலும் சொல்லல."

பின்கட்டுக்கு நீளமான நடை. இந்த நிலையத்துக்கு வந்த நாளிலிருந்து பூவலிங்கம் அந்தப் பக்கம் போனதே இல்லை. ஸ்டோர் ரூம் வாசலிலேயே ஸ்பிரிட் நெடி கண்ணைக் கரித்தது. உள்ளே ஒரே ஒரு ஜன்னல்தான். அதன் பக்கத்தில் ராபியா நின்று, ஒரு பெரிய ஜாடியிலிருந்து பழுப்பேறிய ஸ்பிரிட்டை வடித்துக்கொண்டிருந்தாள். விரல்நுனியெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருந்தது.

"ஜாடி வேணுமா சார்?"

"இல்லம்மா."

வருகிற வழியில் நல்ல நல்ல வாக்கியங்களாகச் சேர்த்து வைத்திருந்தார். ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய். அந்த விரல்களைப் பார்த்ததும் ஒரு வாக்கியமும் வரவில்லை.

"நான் குடல இழுத்தேம்மா" என்றார்.

ராபியா ஜாடியைக் கீழே வைத்தாள்.

"நீங்க அளந்ததுதான் சரி. எனக்குத்தான்... நீங்க அளந்ததுதான் சரி."

ராபியா துணியை எடுத்துக் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"அன்னைக்கு எல்லாரும் இருந்தாங்க சார்" என்றாள்.

"நாளைக்கு எல்லாரையும் கூட்டச் சொல்றேன். அவங்க முன்னாலயே சொல்றேன்."

"மீன் கழுவுதேன்னு சொன்னீங்க. எங்க வாப்பா காதுவரைக்கும் போயிருச்சு."

பூவலிங்கத்துக்குத் தலை தானாகக் குனிந்தது. மன்னிச்சிரும்மா என்று சொல்ல நினைத்தார். அந்தச் சொல் ரொம்பச் சின்னதாகத் தோன்றியது. சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார்.

"மாதிரி மீன் ஜாடியில போடணும். தீர்மானிச்சவங்க பேரு உங்க பேரு. இனிஷியலோட முழுசா எழுதிக் குடுங்கம்மா. எனக்கு... எனக்குத் தெரியல."

ராபியா சீட்டை வாங்கினாள். படித்தாள். பென்சிலையும் வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சீட்டைப் பலகையில் வைத்தாள். பென்சில் முனை காகிதத்தைத் தொட்டது. அப்படியே நின்றது.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"எழுதுறேன் சார். ஆனா நான் அளந்து ரொம்ப நாளாச்சு. ஒருவேளை அன்னைக்கு நானும் தப்பா அளந்திருக்கலாம்."

"இல்லம்மா, மேடமே அளந்து பாத்துட்டாங்க."

"அது மேடம் அளந்தது. என் பேரு போடணும்னா நான் பாக்கணும்ல?"

பூவலிங்கம் தலையாட்டினார்.

"உங்ககிட்ட இழுக்காத மீன் ஒண்ணாவது மிச்சம் இருக்கா சார்?"